ஏழாவது இடம்

எண்ணிக்கை ஆறோடு நின்றிருக்க வேண்டும்.

ஹாச்சினோஹே துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் குளிர்கிடங்கில், மூன்றாம் அறைக்குள் வேலை பார்ப்பவர்கள் வெளியே வருமுன் வரிசையாக நின்று ஒன்று, இரண்டு என்று குரல் கொடுப்பது வழக்கம். மாடியில் கணினி அறையில் உட்கார்ந்திருக்கும் தகாயா மிஹோவுக்கு அது ஒலிபெருக்கி வழியாகத் தினமும் கேட்கும். கானாங்கெளுத்தி வாடை, மண்ணெண்ணெய் அடுப்பின் புகை, கீழே இயந்திரங்கள் விடாமல் முனகும் சத்தம், இவற்றைப் போல அதுவும் பழகிப்போன ஒன்று. உள்ளே போவது மேஸ்திரியோடு சேர்த்து ஆறு பேர். ஆறுக்குப் பிறகு மேஸ்திரி நுமதாதே ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். பிறகுதான் "அவ்வளவுதான்" என்பார். அந்த ஒரு மூச்சு ஸவாகுச்சிக்கு. மிஹோவுக்கு முன்னால் இங்கே நிரல் எழுதியவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன் அதே அறையில், கதவு பூட்டிக்கொண்டு, உறைந்து செத்தார்.

அன்று அந்த மூச்சுக்குள் யாரோ சலித்த குரலில் "ஏழு" என்றார்கள்.

"யாருடா விளையாடுறது?" என்றார் மேஸ்திரி. "மிஹோசான், மைக்ல நீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா மேஸ்திரி? சீக்கிரம் வாங்க, சூப் ஆறுது."

யாரோ சிரித்தார்கள். அட்டையைத் தேய்க்கும் பீப் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து கதவு உருளும் சத்தம் வரவேண்டும். வந்தது தாழ் விழும் சத்தம்.

"கதவு தொறக்கல மிஹோசான். பூட்டிக்கிச்சு."

அவள் விசைப்பலகையை முன்னால் இழுத்தாள்.

கிடங்கின் எல்லா நிரல்களும் ஒரே நிரல் நூலகத்தை, எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஒரு கட்டளைத் தொகுப்பை, நம்பித்தான் பிழைக்கின்றன. கதவைத் திற, பூட்டு, குளிரைக் கூட்டு என்று எல்லா வேலையும் அதில் ஒரு பட்டியலாக இருக்கும். பழைய நிரல்கள் வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எட்டாவது, ஒன்பதாவது என்று இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடும். அதனால் நடுவில் இருப்பதைத் தொடவே கூடாது. தொட்டால் இன்ன பதிப்பு என்று காட்டும் நூலகத்தின் முத்திரை மாறிவிடும், பழைய நிரல்கள் முரண்டு பிடித்து நின்றுவிடும். நின்றாலாவது தப்பு தெரியும். ஸவாகுச்சியோ அந்த முத்திரையைக் கையால் எழுதி, எது நடந்தாலும் மாறாதபடி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் எதுவும் நிற்காது, தப்பும் தெரியாது.

மத்தியானம் மிஹோ, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, ஏழாவது இடத்தில் எந்த வேலையும் செய்யாமல் கிடந்த வெற்று வரியை எடுத்துவிட்டாள். 'எடுக்காதே' என்று பக்கத்தில் ஸவாகுச்சியின் குறிப்பு இருந்தது. காரணம் இல்லை. காரணம் எழுதாத குறிப்பை யார் மதிக்கிறார்கள்? மூன்றரைக்குக் கதவு நிரல் மறுபடி தொடங்கி, புதிய பட்டியலை எடுத்துக்கொண்டது. பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்திருந்தன. திறப்பதற்காகக் கதவு நிரல் வழக்கம்போல எட்டைக் கூப்பிட்டது. எட்டில் இப்போது பூட்டு இருந்தது.

"ரெண்டே நிமிஷம் மேஸ்திரி. என் தப்புதான். இதோ சரிபண்றேன்."

"உள்பக்கக் கைப்பிடி உறைஞ்சு கெடக்கு. சட்டுனு பாருங்கம்மா."

வெற்று வரியைத் திரும்ப வைத்தாள். திரை மறுத்தது. 'ஏழாவது இடம் பயன்பாட்டில் உள்ளது.'

கதவு நிரலை நிறுத்தினாள், பிறகு மற்ற எல்லா நிரல்களையும். மறுபடி வைத்தாள். 'ஏழாவது இடம் பயன்பாட்டில் உள்ளது.'

யார் பயன்படுத்துகிறார்கள்? ஓடுகிற நிரல் ஒன்றுகூட இல்லை.

தீயணைப்பு வண்டி பனியில் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். கீழே காவலாளி கடப்பாரையால் இரும்புக் கதவை இடிப்பது தரை வழியாக அவள் பாதத்தில் அதிர்ந்தது. உள்ளே மைனஸ் முப்பது. மூன்று முறை, பத்து முறை, இருபது முறை வைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது, அழ நேரம் இல்லை.

"தூங்காதீங்கடா," என்றார் மேஸ்திரி. நாக்குக் குழறியது. "எண்ணுங்க. எண்ணிக்கிட்டே இருங்க."

எண்ணினார்கள். ஒன்று என்பது எப்போதும் மேஸ்திரியின் குரல். இந்த முறை ஒன்று என்றது, வழக்கமாக இரண்டு சொல்பவர். இரண்டு என்றது மூன்றின் குரல். எல்லாரும் ஓரிடம் முன்னே. ஆறாவதாக, முதலில் ஏழு சொன்ன அந்தச் சலிப்புக் குரல். ஏழாவதாக மேஸ்திரி.

"ஏழு."

நடுக்கமே இல்லை. குளிரே தெரியாத குரல்.

"மேஸ்திரி? நுமதாதேசான்?"

மறுபடி எண்ணிக்கை. மறுபடி ஓரிடம். நடுங்கும் குரல்கள் முன்னாலிருந்து குறைந்தன. நிதானமான குரல்கள் பின்னால் கூடின. நான்கு பேர் நடுங்கினார்கள். மூன்று. இரண்டு.

கடப்பாரைச் சத்தம் நின்றது.

ஒன்றிலிருந்து ஏழு வரை, எல்லாம் நிதானம்.

பிறகு அந்த ஒரு மூச்சு.

அது முடியவில்லை. மேஸ்திரி "அவ்வளவுதான்" சொல்லவில்லை. காத்திருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மிஹோவின் மூச்சு வெள்ளையாகப் போனது. கணினி அறைக் கதவின் கைப்பிடியில் பனி படர்ந்தது. உள்பக்கம்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இறுக்கமாக. பல் உதட்டில் பதியும்வரை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"எட்டு," என்றது அவள் குரல்.

"அவ்வளவுதான்," என்றார் மேஸ்திரி.