பத்தாவது கோடு

காலை 9.10. இரண்டாம் வார்டின் ஐந்தாம் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் வியர்வையில் நனைந்து, கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லாமல் கிடந்தார். ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, முதல் வேலையாகத் தன் செருப்பை யார் எடுத்தது என்று கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கண்காணிப்பாளர் அதோடு விடுகிற ஆள் இல்லை. இன்சுலின் போட்ட நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். பன்னிரண்டு மணிக்குள் அவளை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். ஒப்புக்கு ஒரு விசாரணை. அதை மருந்தகத் தலைவியிடம் கொடுத்தார்.

அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'பூதக்கண்ணாடி' என்றுதான் பெயர். பன்னிரண்டு வருடமாக அவர் கையால் ஒரு தவறும் நடந்ததில்லை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு அலாதி சந்தோஷம். அதை அவர் மறைத்ததும் இல்லை.

10.20. நர்ஸ் அழுது ஓய்ந்திருந்தாள்.

"எத்தனை யூனிட்?"

"பத்துதான்க்கா. ஊசியில பத்தாவது கோடு வரைக்கும் இழுத்தேன். ஹெட் சிஸ்டரும் பாத்தாங்க."

"பாத்தேன்," என்றார் பக்கத்தில் நின்ற ஹெட் சிஸ்டர். "சரியா பத்து."

"சாப்பிட்டாரா?"

"தட்டு காலி."

"வேற மருந்து ஏதாவது?"

"எதையும் மாத்தலக்கா."

கணக்கு உதைத்தது. டாக்டர் சொல்வதைப் பார்த்தால், பத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலா கண் அவிந்து போயிருக்கும்?

பூதக்கண்ணாடி கழிவு டப்பாவை எட்டிப் பார்த்தார். காலையில் போட்ட ஊசியின் மூடி சிவப்பு. குளிர்பெட்டியைத் திறந்தார். இன்சுலின் குப்பி ஏறக்குறைய நிறைந்திருந்தது. அதன் மூடி ஆரஞ்சு.

"இது எப்ப வந்துது?"

"நேத்து சாயங்காலம். பழசு தீந்து போச்சு, இன்னிக்குத்தான் பிரிச்சேன். அவருக்குத்தான் முதல் ஊசி."

அவர் அந்தக் குப்பியை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மருந்தகத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. பிரிக்க மனம் வரவில்லை.

11.40. கண்காணிப்பாளர் மேசையில் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வாசலில் நர்ஸ். எதிரே மூடிய பதிவேட்டோடு பூதக்கண்ணாடி.

"அவ பொய் சொல்லல சார். பத்தாவது கோடுதான்."

"அப்புறம் எப்படி?"

"இன்சுலின் ரெண்டு வலுவுல வருது. ஒரு மில்லியில நாப்பது யூனிட், இல்லன்னா நூறு. நாப்பதுக்குச் சிவப்பு மூடி ஊசி, நூறுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. இங்க எல்லா வார்டுலயும் எப்பவும் நாப்பதுதான். நேத்து அது தீந்து போய், நூறு போயிருக்கு. அதைச் சிவப்பு ஊசியில இழுத்தா, பத்தாவது கோட்டுல இருபத்தஞ்சு யூனிட் நிக்கும்."

"குப்பியில எழுதியிருக்கிறதைப் படிக்க வேண்டாமா?"

"படிச்சிருக்கணும். ஆனா அவ இங்க நூறைக் கண்டதே இல்ல. மருந்தோட அதுக்கான ஊசியும் போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வீணாகக் கூடாதுன்னு, கேட்டாத்தான் ஊசின்னு ஒரு விதி வச்சிருக்கோம்."

"அந்த விதி யாரோடது? நூறை அனுப்பினது யாரு?"

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. எய்தது நான்தான் சார். விதியும் என்னோடது. வார்டுக்கு போன் பண்ணேன், கிடைக்கல. அப்புறம் மறந்துட்டேன்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். அவருக்குத் தன் கையெழுத்தைக் காட்டத்தான் பூதக்கண்ணாடி பதிவேட்டைப் பிரித்தார். விரல் நேற்றைய வரியில் நின்றது. பிறகு அதற்கு அடுத்த வரிக்கு நகர்ந்தது. மூன்றாம் வார்டு, அதே மருந்து, ஒரு குப்பி. அதுவும் அவர் கையெழுத்துதான்.

மத்தியான ஊசி பன்னிரண்டு மணிக்கு. கேட்காமலே மேசைத் தொலைபேசியை இழுத்து மூன்றாம் வார்டைக் கூப்பிட்டார்.

"ஆரஞ்சு மூடி குப்பியா? ஆமா மேடம், இப்பத்தான் பிரிச்சோம்."

"போட்டாச்சா?"

"இழுத்தாச்சு. கட்டில்கிட்ட நிக்கிறோம்."

"போடாதீங்க. கொட்டிடுங்க. நான் வரேன்."

அவமானத்துக்குப் பயந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவேட்டை மூடியே வைத்திருந்தோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கண்காணிப்பாளர் கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "மருந்தும் ஊசியும் சேந்தே போகணும்னா என்ன செய்யணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பூதக்கண்ணாடி பதிவேட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் வார்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்ற நர்ஸ் உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல்ல உக்காருங்கக்கா. மூணாம் வார்டுக்கு நான் போறேன்."