வேல்கோ தேடிய சத்தம்

செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜினின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தியபடி வேல்கோ கேட்டுக்கொண்டிருந்தான். ஓடுகிற இன்ஜினில் எந்த மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். ஆனால் இந்த இன்ஜின் லாரியிலிருந்து இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. டீசல் இல்லை, பேட்டரி இல்லை, ஒரு ஒயர்கூட அதில் மிச்சமில்லை.

"யோவ், தொங்குற பொணத்துக்கிட்ட என்ன ரகசியம் கேக்குற?" படியில் நின்றபடி கேட்டாள் அவன் மனைவி ருமியானா.

"சும்மா இரு. உள்ள என்னமோ தட்டுது."

கொண்டுவந்த பீன்ஸ் சூப்பைப் படியிலேயே நங்கென்று வைத்துவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள்.

அவள் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ரோடோப் மலையில் பனி விழுந்து பாதை மூடுவதற்குள் விறகு இறக்கினால்தான் லாரி வைத்திருக்கிறவன் வீட்டில் குளிர்காலம் ஓடும். ஊரிலிருந்த மற்ற லாரிகளெல்லாம் ஓக் கட்டைகளைச் சுமந்துகொண்டு வாசலைக் கடந்து இறங்க, இவர்களுடையது மட்டும் முகம் பிளந்து முற்றத்தில் நின்றது. அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. பக்கத்து வீட்டு ஸ்பாஸ் பட்டறைக்காரன். இன்ஜினை இறக்குவதற்கு முன்பே வந்து கேட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தங்கச்சி, இது கல்யாணப் பொண்ணு மாதிரி பாடுது. ஒன் புருஷன் காதுல இருக்குற அழுக்கை எடுத்து விடு, சரியாயிரும்."

வேல்கோ சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை ஸ்பாஸின் காலடியில் வீசி எறிந்தான். அதற்குப் பிறகு ஸ்பாஸ் இந்தப் பக்கம் வருவதில்லை.

வீட்டின் கீழ்த்தளம் கல்லால் கட்டிய கொட்டகை. அதற்கு நேர் மேலே சமையலறை. பகல் முழுக்கச் சங்கிலி உரசுவதும், துரு இறுகிய போல்ட் கிறீச்சிட்டு விடுபடுவதும், பேசினில் ஒவ்வொன்றாக விழுவதும் ருமியானாவின் காலுக்கடியில் கேட்டுக்கொண்டே இருந்தன. டீசல் வாடை பலகை இடுக்கு வழியாக ஏறி ரொட்டியிலும் தலையணையிலும் அவள் கூந்தலிலும் குடியேறிவிட்டது. பேசின்கள் எல்லாம் கீழே போயின. பிறகு அவளுடைய நல்ல மேசைவிரிப்பு போயிற்று. அவன் அதைத் தரையில் விரித்து, ஹெட், வால்வுகள், பிஸ்டன்கள், பேரிங்குகள் என்று கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தான். பேரிங்குகள் கண்ணாடிபோல மின்னின.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றான், யாரையோ திட்டுவதைப்போல.

"அப்போ பூட்டித் தொலையேன்!"

அவன் பூட்டவில்லை. சாப்பிடும்போது ஸ்க்ரூ டிரைவரை மேசையில் ஊன்றிக் கேட்டான். சுவரில் கேட்டான். அடுப்புக் குழாயில் கேட்டு உதட்டைப் பிதுக்கினான். ஒருநாள் சூப் ஆறிக்கொண்டிருக்க, தன் முழங்காலிலேயே முனையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் மெல்ல மாறியது. ருமியானா ஸ்க்ரூ டிரைவரைத் தட்டிவிட்டாள். பயத்தைக் கோபமாக மட்டுமே காட்டத் தெரிந்தவள் அவள்.

"நாளைக்கே பழைய இரும்புக்காரனக் கூப்புட்டு மொத்தத்தையும் எடைக்குப் போடுறேன். நீயும் கூட ஏறிப் படுத்துக்கோ!"

"அதெல்லாம் வேணாம் ருமி," என்றான் மிருதுவாக. "கண்டுபுடிச்சிட்டேன்னு நெனைக்கிறேன்."

இத்தனை நாள் அவன் கத்தியதைவிட அந்த மென்மை அவளை அதிகமாக எரித்தது.

மறுநாள் மதியத்துக்குப் பிறகு கீழே சத்தமே இல்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலைக்கு முன்பே ஜன்னல் இருட்டிவிட்டது. அவள் பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோஸை எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் ஏதோ வந்து முட்டியது.

டொக்.

கத்தியை நிறுத்தினாள். அடுப்பில் விறகு வெடித்திருக்கும்.

டொக்.

கடைசியில் என்னையும் கேட்க வைத்துவிட்டானே என்றுதான் முதலில் தோன்றியது. ரத்தம் தலைக்கேற, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

கொட்டகையில் ஒற்றை பல்பு. சங்கிலி வெறுமனே தொங்கியது. தரையில் இன்ஜின் பிளாக், குடைந்தெடுத்த கண்களைப்போலக் காலி ஓட்டைகளோடு. மேசைவிரிப்பில் கிராங்க் தண்டு படுத்துக் கிடந்தது. எதுவும் எதோடும் சேர்ந்திருக்கவில்லை. எதுவும் அசையவில்லை.

டொக்.

வேல்கோ ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தான். கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. முகம் சுண்ணாம்பு.

"ஒனக்கும் கேக்குதா?"

"கேக்குது."

"அப்பாடா." அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனக்குத்தான் பைத்தியமோன்னு பயந்துட்டேன்." ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் நீட்டினான்.

பிளாக்கில் வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. கிராங்கில் வைத்தாள். இல்லை. சுவரில். இல்லை.

"எங்கய்யா வருது? சொல்லித் தொலையேன்!"

அவன் முனையை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல மெல்ல இழுத்து, தன் கோட்டின் மேல் வைத்தான்.

அவள் காதைக் கொடுத்தாள்.

எத்தனையோ வருடங்கள் அந்த நெஞ்சில் தலை வைத்துத் தூங்கியவள். அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. இரும்பில் இரும்பு மோதியது. எண்ணெய் வற்றிய இரும்பு. அருகில். மிக அருகில்.

தலையைத் திருப்பினாள். விரிப்பின் கடைசி வரிசையில், வால்வுகளுக்கு அப்பால், அவள் இதுவரை பார்க்காத போல்ட்டுகள். குட்டையாக. தடித்து. அவற்றை மட்டும் அவன் டீசலில் கழுவவில்லை. ஈரம் காயவில்லை. ஒன்றில் முடி ஒட்டியிருந்தது.

"வேல்கோ, என்ன பண்ணுன?"

"முன்னால இருந்ததெல்லாம் நானே கழட்டிட்டேன்." பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஒரு கையால் நெஞ்சை அணைத்துப் பிடித்துக்கொண்டான், ஏதோ விழுந்துவிடும் என்பதைப்போல. எழுந்தான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். கோட்டும் சட்டையும் சரிந்து இடுப்பில் விழுந்தன.

"பின்னால கை எட்டல, ருமி."

தோளுக்குப் பின்னால் ரிங் ஸ்பேனரை நீட்டிக்கொண்டு அவன் பொறுமையாக நின்றான். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும், கழுத்திலிருந்து இடுப்புவரை, தோல் சுற்றி வளர்ந்து இறுகிய ஆறுமுனை போல்ட் தலைகள் வரிசையாக இருந்தன. அடியிலிருந்த ஒன்றைச் சுற்றிக் கரி ஆயில் கசிந்தது. ஒவ்வொரு டொக்குக்கும் அது தானாக ஓர் இம்மி திரும்பியது.