புகையை நம்பாத விதைகள்

குருவிக்கரடு என்கிற சிறுகுன்றில் நெருப்புப் பிடித்துப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் மண்ணுக்குள் கிடக்கிற விதைகளைக் கேட்டால், வருஷம் தவறாமல் எரிகிறது என்று சத்தியம் செய்யும். அப்படி நம்ப வைத்தவள் சண்முகக்கனி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இருக்கட்டுமே.

முன்பெல்லாம் மேய்ச்சல்காரர்கள் புரட்டாசிக் கடைசியில் கரட்டுக்குத் தீ வைப்பார்கள். சூட்டில் விதைத்தோல் விரியும். புகையில் இருக்கிற சத்து மழையோடு மண்ணில் இறங்கி, 'மேலே இடம் காலி, எழுந்து வா' என்று சேதி சொல்லும். சேதிதானே வேண்டும், தீ எதற்கு என்று கேட்டாள் சண்முகக்கனி. தன் விதை ஆய்வகத்தில் அந்தச் சத்தை மட்டும் வடித்தெடுத்தாள். கரடு முழுக்கக் கம்பம் நட்டாள். கம்பத்தின் உச்சி புகைச்சாற்றைப் பனியாகத் தூவும், அடியில் புதைந்த சூட்டுச்சுருள் மண்ணைச் சற்றே வாட்டும். புகைத்தூது என்று பேர். ஒரு செடி கருகாமல், ஒரு முயல் சாகாமல், ஐப்பசி மழைக்குக் கரடு பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது.

ஊரில் பெரிய மந்தை அவள் கொழுந்தன் லிங்கதுரையுடையது. மூன்றாவது வருஷமே அவன் வந்து நின்றான்.

"மதினி, சித்திரையில கோயில்கொடை வருது. கெடாயெல்லாம் எலும்பும் தோலுமா நிக்கி. ஒரு தரம் தூதை விடேன்."

"கோடைமழையை நம்பி விட்டா, முளைச்சது பூக்குமுன்னால காஞ்சிரும், துரை."

"காயறதுக்குள்ள ஆடு தின்னுரும்லா. மெலிஞ்ச கெடாயை நிப்பாட்டினா சாமிகிட்ட நீயா பதில் சொல்லுவே?"

சிரித்துக்கொண்டே தூதை விட்டாள். ஆசை யாரை விட்டது? அதன்பிறகு கொடைத் திருவிழாவுக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று வழக்கமாகிவிட்டது. மண்ணுக்குள் தலைமுறை தலைமுறையாக விழுந்த விதை கிடக்கிறது, அள்ள அள்ளக் குறையாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பக்கத்து ஊர் ஆடுகள் மெலிந்து திரியும்போது இவர்கள் ஊர்க் கிடாய்கள் கொழுத்து நின்றன. அதைச் சொல்லியே இவர்கள் அங்கே பெண் கேட்டார்கள்.

பதினாறாவது வருஷம் ஆவணியில் காற்று பேயாய் அடித்தபோது, எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்து கரடு நிஜமாகவே பற்றிக்கொண்டது. தீயணைக்க வந்தவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறப்போனார்கள். சண்முகக்கனி மறித்தாள்.

"ஊருக்குள்ள வராமப் பாத்துக்கோங்க. கரடு எரியட்டும். இத்தனை வருஷம் நான் கொடுத்தது நகல், இதுதான் அசல். ஐப்பசியில வந்து பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லிங்கதுரை மந்தையை விற்காமல் வைத்துக்கொண்டான். இரண்டு மாசம் வைக்கோலைக் கட்டி ஆடுகளின் உயிரைப் பிடித்து வைத்தான்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. கரடு கறுப்பாகவே கிடந்தது.

முதலில் அவள் அசரவில்லை. எரியாமல் வருஷக்கணக்கில் சேர்ந்த சுள்ளி அத்தனையும் ஒரே மூச்சில் எரிந்ததால் சூடு ஆழமாக இறங்கி, விடத்தேர், சூரைமுள் புதரெல்லாம் வேரோடு செத்திருந்தன. மண்ணின் மேல் மெழுகு பூசினாற்போல ஒரு படலம். அதில் மழைத்தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல உருண்டு ஓடியது. சரி, அதனால்தான் என்று ஆள் வைத்துக் கிளறிவிட்டாள். தண்ணீர் இறங்கியது. முளை வரவில்லை. எரியாமல் தப்பிய கம்பங்களில் தூதையும் விட்டுப் பார்த்தாள். ம்ஹூம்.

விதை தீர்ந்துபோச்சோ என்று சூடு எட்டாத ஆழத்து மண்ணை அள்ளிச் சலித்தாள். தீரவில்லை. குறைவுதான், ஆனாலும் கறுத்த, கெட்டியான விதைகள் சல்லடையில் தங்கின. ஒன்றைப் பிளந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பருப்பு, உயிரோடு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரே செடியின் விதையிலும் லேசான புகைக்கே எழும்புவது உண்டு, எத்தனை புகைந்தாலும் அசையாதது உண்டு. தூதை நம்பி எழுந்ததையெல்லாம், கொடைக்கானாலும் ஐப்பசிக்கானாலும், பூக்கும் முன்னே ஆடு தின்றுவிட்டது. நம்பாதது மட்டும் உள்ளேயே கிடந்தது. பதினாறு வருஷமாக ஏமாளிகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தீர்த்திருக்கிறாள். மிச்சமிருப்பவை புகையை நம்பாத விதைகள். மெய்யான நெருப்பு தலைக்கு மேலே போனபோதும் அவை திரும்பிப் படுத்துக்கொண்டன.

லிங்கதுரை மூச்சு வாங்க ஏறி வந்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். ஒரு விதையை வாங்கி உள்ளங்கையில் உருட்டினான்.

"உசுரு இருக்குல்லா, மதினி. பெறவென்ன? எந்திரிக்கச் சொல்லு."

"எதைச் சொல்லி எழுப்ப?" என்றாள் சண்முகக்கனி. "நெருப்பு வந்துட்டு, எந்திரின்னு சொல்லணும். அதைத்தானே துரை இத்தனை வருஷமும் பொய்யாச் சொன்னேன். இந்தத் தடவை நெசம்னு நான் எப்படிச் சொல்ல?"

அவர்கள் காலடியில் மழைத்தண்ணீர் கரட்டின் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. லிங்கதுரை அதைப் பார்த்தான். பிறகு விதையை அவள் கையிலேயே வைத்துவிட்டு, மந்தையைச் சந்தைக்கு ஏற்ற லாரிக்குச் சொல்லிவிடக் கீழே இறங்கினான்.