கோட்டுக்கு அந்தப் பக்கம்

சாய்வு நாற்காலியின் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். அவள் கட்டவில்லை.

எல்லாம் அந்தக் கலைக்கூட்டத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். 'முன்கூட்டிய அஞ்சலி இயக்கம்' என்று பெயர். பிரபலமானவர் செத்தால் அவர் தும்மிய கைக்குட்டைக்கும் கண்ணாடிப் பெட்டி செய்கிற உலகத்தை நக்கலடிக்கவே பிறந்தவர்கள். உயிரோடு இருக்கும், யாருக்கும் தெரியாத ஓர் ஆளின் வீட்டை நினைவு இல்லமாக்குவதுதான் அவர்களுடைய குறும்பு. தலைவன் ஒரு தாடிக்காரன். அந்தத் தாடிக்குள் இரண்டு குருவிகள் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம்.

"உங்களை மாதிரி ஆள்தான் அக்கா வேணும். உங்க குரல் எல்லாருக்கும் தெரியும், மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியாது."

உண்மைதான். முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். பாதி ஊரின் கல்யாணமும் முக்கால் ஊரின் சண்டையும் அவள் காது வழியாகத்தான் போயின. ஓய்வுக்குப் பிறகு அந்தக் காதுக்குக் கிடைத்ததெல்லாம் ஃப்ரிட்ஜின் உறுமலும் குழாயின் சொட்டும்தான்.

தங்கச்சியைக் கூப்பிடுவாள். "ஒரு தடவை வந்துட்டுத்தான் போயேன்டி."

"ஏதாவது விசேஷம்னா சொல்லுக்கா, ஓடி வர்றேன்."

வருஷக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கிறாள். நினைவு இல்லமானால் விசேஷம்தானே என்றுதான் தாடிக்காரனுக்குச் சரி சொன்னாள். "உயிரோட இருக்கிறப்பவா? கிறுக்குக்கா உனக்கு" என்று சிரித்துவிட்டுத் தங்கச்சி போனை வைத்துவிட்டாள்.

வாசலில் பித்தளைப் பலகை வந்தது. பெயர், பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் பித்தளை.

கூட்டம் எறும்பாக மொய்த்தது. உப்பு டப்பாவோடு படம் எடுத்தார்கள். பழைய செருப்பைப் பார்த்து உருகுவதுபோல நடித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு பட்டாளத்துக்குக் காணும் அளவு தேநீர் போட்டாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் கிசுகிசுக்கத் தொடங்கியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகக் கால் தேய்த்து நடந்தார்கள். வெள்ளைப் பூக்கள் மேசை விளிம்பிலிருந்து சரிந்து, வாடுவதற்கு முந்தைய அந்தத் தித்திப்பான வாடை திரைச்சீலையிலும் தலையணையிலும் அவள் கூந்தலிலும் ஏறிக்கொண்டது. தேநீரை நீட்டினால் கோப்பையைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை.

"தொடாதே" என்று ஒருத்தி தன் மகளை அதட்டினாள். "அவங்க குடிச்ச கோப்பை."

இப்போது நாற்காலியில் கயிறு. தாடிக்காரனுக்குப் போன் போட்டாள்.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையா தம்பி? நான் எங்கே உட்கார்றது?"

"என்ன கயிறு அக்கா? நாங்க போன வாரமே முடிச்சாச்சே. பலகையைக்கூட நான்தானே கழட்டிட்டு வந்தேன்."

"அப்ப நேத்து வந்த கூட்டம்?"

"நேத்தா?" அவன் சிரிக்கவில்லை. "யாரு அக்கா வந்தா?"

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பலகை இருந்தது. மத்தியான வெயிலில் மின்னிக்கொண்டு, புதிதாகத் துடைத்ததுபோல. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேதி பொறித்திருந்தது. தடவிப் பார்த்தாள். விரலில் பித்தளைத் தூள் ஒட்டியது.

இன்றைய தேதி.

திரும்பினாள். கூடம் நிறையக் கூட்டம். வாசலில் நின்றது அவள்தான். அவளைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

டெலிபோனுக்குக் கயிறு. அடுப்புக்குக் கயிறு. பேச்சில்லை. மூச்சு மட்டும். அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையாக. படுக்கையறை வரை.

கால்கள் நடந்தன.

கட்டிலைச் சுற்றியும் கயிறு. ஒரு முனையை மட்டும் கழற்றி, ஒருவர் கையில் பிடித்திருந்தார். தலையணையில் ஒரு பள்ளம். அவள் தலை அளவுக்கு.

தலைமாட்டில், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், தங்கச்சி.

"வந்துட்டியாடி?"

தங்கச்சி நிமிரவில்லை.

"ஓடி வந்தேனே அக்கா" என்று காலிக் கட்டிலைப் பார்த்து விம்மினாள்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.