டபுள்ஸ்

திருவொற்றியூர் ஹைரோட்டில் இருந்த அந்த பைக் ஷோரூமுக்குள் சாவியோ தன் பழைய வண்டியை உருட்டிக்கொண்டு நுழைந்தபோது காலை பதினொரு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது வண்டி நின்றது. நானூறு சிசி, கறுப்பும் சிவப்பும். எட்டு மாதமாக செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்து, அதன் சத்தத்தைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே மாடல். வேறு நாளாக இருந்தால் ஆள் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பான். அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சனியனை இங்கே விட்டுவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

சேல்ஸ்மேன் டில்லிபாபு பழைய வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்தான். பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"பின்னாடி சஸ்பென்ஷன் ஒரேடியா உக்காந்துகீதுண்ணா. டெய்லி டபுள்ஸா போவீங்க?"

"இல்ல. ரெண்டு வருஷமா பின்னால யாரும் குந்தல."

டில்லிபாபு சிரித்தான். "இன்னாண்ணா காமெடி பண்றீங்க? சீட்டப் பாருங்க. உங்க சீட்டாவது பரவால்ல. பின்சீட்டு எப்டி தேஞ்சுகீது!"

சாவியோ பார்க்கவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் கீது. பாட்டில் தர்றேன், புடிச்சுக்கிறீங்களா? எல்லாரும் சொட்டு வுடாம எடுத்துக்கினுதான் பழைய வண்டிய வுடுவாங்க."

"வேணாம்."

"புது வண்டிக்கு ஊத்திக்கலாமேண்ணா..."

"ஒண்ணியும் வேணாம்னு சொல்றன்ல!"

கத்திய கத்தலில் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. அந்த வண்டியிலிருந்து பெட்ரோலை மட்டுமல்ல, ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த ஜெபமாலையைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அப்படி என்ன பயம் என்றால், அதைச் சொல்ல ஜெரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் வண்டியின் சைடு கண்ணாடியில் சொந்த முழங்கையைத் தவிர உருப்படியாக ஒன்றும் தெரியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலோ, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு டிரெய்லரின் பின்னாலிருந்து வலப்பக்கம் வெட்டி வெளியே வரவேண்டுமென்றால், பின்னால் என்ன வருகிறதென்று யாராவது திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது பின்சீட்டுக்காரன் வேலை. ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது என்பதால் தோளில் தட்டு. வலது தோளில் ஒரு தட்டு என்றால், பொறு. இரண்டு தட்டு என்றால், போ. காசிமேடு, ராயபுரம் பையன்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

சாவியோவின் பின்சீட்டில் பத்து வருடம் உட்கார்ந்தவன் ஜெரி. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், நாலே கால் மணிக்கு, சாவியோ ஒரு டிரெய்லரின் பின்னாலிருந்து வெட்டினான். பின்னால் வந்த இன்னொரு டிரெய்லர் வண்டியின் வாலைத் தட்டியது. சாவியோவுக்கு முழங்காலில் பிளேட் வைத்தார்கள். ஜெரியைத் துணியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜெரி இரண்டு தட்டு தட்டினான், அதனால்தான் போனேன் என்று சாவியோ போலீசிடம் சொன்னான். ஃபாதரிடம் சொன்னான். ஜெரியின் அம்மா ஆலிஸிடமும் சொன்னான். சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஆலிஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகே வந்து நின்று, "என் புள்ள சரியாப் பாக்காம உன் காலையும் உடைச்சிட்டானே நைனா, அவன மன்னிச்சிரு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வண்டியைச் சரிசெய்து எடுத்த முதல் நாளே தொடங்கிவிட்டது. ராத்திரி மடக்கி வைத்த பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் காலையில் விரிந்திருக்கும். ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் ஒரு ஆள் கனம் இறங்கும். எக்ஸ்பிரஸ் ரோட்டில், வழியே இல்லாத இடத்தில், வலது தோளில் இரண்டு தட்டு விழும்.

போ.

சாவியோ அதன்பிறகு எந்த வண்டியையும் முந்தவே இல்லை. சைக்கிள்காரன்கூட அவனைத் தாண்டிப் போனான். மகள் ஜோவிட்டாவுக்கு எட்டு வயது. அவளைப் பின்னால் ஏற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவளும் அவன் மனைவி ஷாலுவும் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போனார்கள்.

"வூட்டு வாசல்ல வண்டிய வெச்சிக்கினு நாங்க ஆட்டோவுல தொங்கறோம்" என்று ஷாலு வாரத்துக்கு ஒருமுறை பிடித்துக்கொள்வாள். "இன்னாதான்யா உன் பிரச்சன?"

"வண்டி சரியில்ல. புதுசு எடுத்ததும் நானே இட்டுக்கினு போறேன்."

அதை அவன் உண்மையாகவே நம்பினான். வண்டியில்தான் கோளாறு. வண்டி போனால் ஜெரியும் போய்விடுவான்.

புது வண்டி வந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முதல் மூன்று நாள் சாவியோ பறந்தான். ராத்திரி மடக்கிய ஃபுட்ரெஸ்ட் காலையிலும் மடக்கியபடியே இருந்தது. ஜோவிட்டா பின்னால் உட்கார்ந்து, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். ஷாலு அவனுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக மனுஷன் வாய்விட்டுச் சிரித்தான்.

நான்காம் நாள் காலை, ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்திருந்தன.

"ஜோவி, நீ தொட்டியா?"

"இல்லப்பா. அது டைட்டா கீது. எனக்குத் தெறக்கவே வராது."

சாவியோ காலால் உதைத்து மடக்கினான். இரவு தான்தான் மறந்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காசிமேட்டைத் தாண்டியதும் தூறல். கருவாட்டு வாடையும் டீசல் புகையும் கடலின் உப்பும் கலந்து முகத்தில் அப்பின. டிரெய்லர்கள் வரிசையாக ஊர்ந்தன. சாவியோ ஒரு நீலக் கன்டெய்னரின் பின்னால் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போனான்.

"அப்பா, கொஞ்சம் முன்ன தள்ளிக் குந்து."

"ஏண்டா?"

"நசுங்குது."

அவன் டேங்க்கோடு ஒட்டி உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்சம்பா. பின்னால இடமே இல்ல."

சாவியோ குனிந்து பார்த்தான். அவன் வயிற்றின் மேல் மகளின் இரண்டு கைகளும் கோத்திருந்தன. சின்ன விரல்களில் பேனா மை. இரண்டு கையும் அங்கேதான் இருந்தன.

வலது தோளில் தட்டு விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

பத்து வருடப் பழக்கம். மூளை யோசிப்பதற்கு முன் மணிக்கட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது. பழைய வண்டி கொஞ்சம் தயங்கும். புதுசு தயங்கவில்லை, கன்டெய்னருக்குப் பின்னாலிருந்து வலப்பக்கம் பாய்ந்தது.

ஹாரன்.

காதை அறுக்கிற ஹாரன், முதுகுக்குப் பின்னால். சாவியோ இரண்டு பிரேக்கையும் அழுத்தி இடப்பக்கம் ஒடித்தான். பிரேக் லீவர் விரல்களுக்குள் படபடவென்று துடித்தது. ஈர ரோட்டில் சக்கரம் வழுக்காமல் நின்றது. டிரெய்லரின் பதினாறு சக்கரமும் அவன் முழங்காலை உரசுகிற தூரத்தில் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கடந்தன. பழைய வண்டியாக இருந்தால் இரண்டு பேரும் அதற்கடியில் போயிருப்பார்கள்.

ஓரமாக நிறுத்தி மகளைத் தூக்கி இறக்கி, தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தான்.

"ஒண்ணியும் ஆவலப்பா" என்றாள் ஜோவிட்டா. "இப்ப இடம் கீது."

அப்புறம் அவன் வண்டியில் ஏறவில்லை. கொட்டுகிற மழையில் மூன்று கிலோமீட்டர் வண்டியை உருட்டிக்கொண்டு, மகளை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிப் போனான். உருட்ட உருட்ட ஒன்று மட்டும் அவனுக்கு உறைத்தது. ஜெரி வண்டியில் இல்லை. வண்டியை மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை. ஜெரி உட்கார்ந்திருப்பது சாவியோ சொன்ன சொல்லின் மேல்.

ஏனென்றால் அன்று ஜெரி தட்டியது ஒரே ஒரு தட்டு.

பொறு என்றான் ஜெரி. சாவியோதான் பொறுக்கவில்லை. போலீஸ் கேட்டபோது லைசென்ஸ் போய்விடும், யார்டில் கிரேன் ஓட்டுகிற வேலை போய்விடும் என்று பயந்து, ஒன்றை இரண்டாக்கிவிட்டான். செத்தவன் வந்து மறுக்கப் போகிறானா என்ன என்று நினைத்தான். செத்தவன் மறுக்கவில்லை. நீ சொன்னபடியே இரண்டு தட்டுகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது நடுவில் ஜோவிட்டா இருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாவியோ தனியாக வண்டியை எடுத்தான். எது நடந்தாலும் தன் ஒருவனோடு போகட்டும் என்று ஜெபித்துக்கொண்டே ஓட்டினான். ராயபுரம் வரை தோளில் ஒன்றும் விழவில்லை. பின்பக்கம் மட்டும் கனமாக இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் ஆலிஸ் கதவைத் திறந்தாள். கொசுவுக்காகத் திரும்பச் சாத்தினாள்.

"வா நைனா. புது வண்டியா? ஜெரி இருந்திருந்தா மொத ஆளா ஏறிக் குந்திருப்பான்." டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்தாள். "உன் கால் இப்ப எப்டி கீது? மழ வந்தா வலிக்குதா? என் புள்ளையால..."

"ஆன்ட்டி." அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். "ஜெரி ரெண்டு தட்டு தட்டல."

ஆலிஸ் அவனைப் பார்த்தாள்.

"ஒரு தட்டுதான் தட்னான். வெயிட்டுன்னான். நான்தான் போய்ட்டேன். பொய் சொல்ட்டேன் ஆன்ட்டி."

மேலே ஃபேன் கிறீச்சிட்டது. ஆலிஸின் முகத்தில் கோபமா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து நின்றது.

"ரெண்டு வருஷமா அவனத் திட்டிக்கினு கீறேன்டா" என்றாள். "கல்லறையில பூ வெக்கும்போதுகூட, கண்ண எங்கடா வெச்சிருந்தன்னு திட்டிட்டுத்தான்டா வந்தேன். என் புள்ளைய என் வாயாலயே..."

கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு தட்டு.

ஆலிஸ் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாவியோவும் பார்த்தான். நாலே கால்.

அவன் தாவிப் போய்க் கதவைத் திறந்தான். சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் வண்டி மட்டும் நின்றது, இரண்டு ஃபுட்ரெஸ்ட்டும் விரிந்தபடி.

"தெனம் இந்த நேரத்துக்குத்தான்" என்றாள் ஆலிஸ் பின்னாலிருந்து. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "ஒரு தட்டு. தெறந்தா யாரும் இல்ல. கதவ மாத்திக்கூடப் பாத்துட்டேன். இன்னா சொல்றான்னு எனக்குப் புரியவே இல்ல. ரெண்டு வருஷமா அதையேதான் சொல்லிக்கினு கீறான் என் தங்கம்."

"ஆன்ட்டி, என்ன மன்னிச்சி..."

"போ. என் கண்ணு முன்னால நிக்காத. போய்டு."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவது சந்து முழுக்கக் கேட்டது.

சாவியோ வண்டியில் ஏறினான். அழுகை அவனுக்கும் வந்தது. ஆனாலும் நெஞ்சில் இரண்டு வருடமாக இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. இனி ஜெரி ஜோவியை விட்டுவிடுவான். ஃபுட்ரெஸ்ட்டை மடக்கி, ஸ்டார்ட் செய்து, சந்து முனைக்கு வந்து, ரோட்டில் இறங்கக் காலை எடுத்தான்.

பின்பக்கம் இறங்கியது.

வலது தோளில் ஒரு தட்டு.

ஒன்றுதான். சாவியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஒரு டிரெய்லர் தடதடவென்று கடந்து போனது. அதன் பின்னால் ஒரு பஸ். அப்புறம் ஒரு மீன்பாடி வண்டி. அப்புறம் ரோடு காலியானது.

அவன் அடுத்த தட்டுகளுக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

இன்ஜின் சூடேறி, திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கோயிலில் ஆறு மணி அடித்தது. தெருவிளக்குகள் வந்தன. இடையில் இரண்டு முறை கிளட்ச்சை விடப் பார்த்தான். இரண்டு முறையும் தோளில் விரல்கள் இறுகின. செல்போன் அடித்தது. ஷாலு.

"எங்கய்யா கீற? ஜோவி சாப்டாம குந்திக்கினு கீது."

"ராயபுரத்துல. வெயிட் பண்ணிக்கினு கீறேன்."

"யாருக்கு?"

எதிரே ரோடு இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது. தட்டிய கை இன்னும் தோளிலேயே இருந்தது.