அப்படியே புடி

மழை பிடித்து அரை மணி நேரம் ஆகியும் டிவியில் படம் போகவில்லை.

சந்திரமோகனுக்கு முதலில் அது உறைக்கவில்லை. ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். முதலியார்பேட்டைச் சந்தெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் காதில் விழவில்லை. ஆனால் அவள் முகம் மட்டும் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. டிஷ் வைத்திருக்கிற எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா? நாலு தூறல் விழுந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும், மேகம் கறுத்தால் ஒரேயடியாகப் போய்விடும்.

"நல்ல டிஷ்ஷு, அதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

நல்ல டிஷ்தான், அதில் சந்தேகமில்லை. மகள் சத்யப்பிரியா பார்த்துப் பார்த்து வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், போன வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவையும் இழுத்துக்கொண்டு மதிவாணன் கடைக்குப் போனாள். அடுக்கி வைத்திருந்த டிஷ்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டினாள், ஓரத்தை நகத்தால் சுரண்டினாள், தூக்கிக் கனம் பார்த்தாள்.

"மெலிசுத் தகடு வேணாண்ணே. பைப்பு, போல்ட்டு எல்லாம் கடல் காத்துல இத்துப் போவாததா குடுங்க. எங்கம்மாவக் கொன்னதே அந்தத் தகரம்தான்."

சந்திரமோகன் அப்போது தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன ஐப்பசியில் அம்மா மழைக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனாள், பழைய டிஷ் காற்றில் பிய்த்துக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டது. ஊருக்கும் அப்படித்தான் தெரியும். எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, "கொடியில துணியே இல்லயேப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள் சத்யா. "அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும்மா" என்றார். பாவி மனிதன், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

படம் இன்னும் அசையவில்லை. அவர் போனை எடுத்து மதிவாணனைக் கூப்பிட்டார்.

"மதி, மழையில கூடப் படம் நிக்கிதுப்பா."

"எந்தப் படம் சார்?"

"டிவிதாம்பா. மத்தியானம் மாட்டிட்டுப் போனியே."

"சார், நான் டிஷ்ஷ சும்மா நிக்க வச்சி போல்ட்டு மட்டும்தான் முறுக்கிட்டு வந்தேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சி, நாளைக்கி வந்து திருப்பி வைக்கிறேன்னு பொண்ணுகிட்ட போன்ல சொன்னேனே. இப்ப அது வடக்க, தென்னமரத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. அதுல எப்படி சார் படம் வரும்? பக்கத்து வீட்டு ஒயர் எதுனா சொருவியிருக்கீங்களா?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பக்கத்து வீட்டு ஒயர் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாடியில் இரும்பு கிறீச்சிட்டது.

மெதுவாக, கனமான எதையோ யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிற சத்தம். டிவியில் அந்தப் பெண்ணின் முகம் நாலு கட்டமாக உடைந்தது. மறுபடி சேர்ந்தது. படிக்கட்டு வழியாக ஈரத் துருவின் வாடை இறங்கி வந்தது. கூடவே, ஒரு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத மஞ்சள் வாடை.

"இன்னாங்க... வந்துச்சா?"

அமுதவல்லியின் குரல். மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்று இழுத்துக் கத்துகிற அதே குரல்.

சந்திரமோகன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆன்டெனா வைத்திருந்த காலத்திலிருந்தே இந்த வீட்டில் டிவிக்குப் படம் வரவைக்கிற முறை இதுதான். அவருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அவள் மேலே நின்று திருப்ப வேண்டும், அவர் கீழே நின்று கத்த வேண்டும். "கடல் காத்துக்குத் தாங்குற மாதிரி கெட்டியா ஒண்ணு வாங்குங்க" என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! டிஷ்தானே, இது போதும் என்று மெலிசுத் தகரத்தை வாங்கிப் போட்டவர் அவர். ரெண்டே வருஷத்தில் அதைப் பிடித்திருந்த கிளாம்ப் இத்துப்போய், மழைக்காற்று அடித்தால் அவள் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் என்று ஆகிவிட்டது.

அவள் விழுந்த அன்றைக்கு டிவியில் மேட்ச். கடைசி நாலு ஓவர்.

"வந்துடுச்சி! அப்படியே புடி, அசையாத!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் அவள், "கை மரத்துப் போச்சிங்க, எறங்கட்டுமா?" என்றாள். "இரு இரு, நாலே ஓவர்தான்" என்றார். அவ்வளவுதான் அவளிடம் பேசியது. நாலு ஓவரும் பார்த்தார், பரிசு கொடுத்ததையும் பார்த்தார். படம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. பின்பக்கத்து வீட்டு சுலோசனா வீறிட்டு அலறிய பிறகுதான் எழுந்து போனார். இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே அமுதவல்லி குப்புறக் கிடந்தாள், மாரோடு அணைத்தபடி டிஷ். ஒயர் அறுந்திருந்தது. உயிர் போய் அரை மணி நேரமாவது இருக்கும் என்றார் டாக்டர்.

அந்த அரை மணி நேரமும் கீழே படம் ஓடியது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன் அடித்தது. சத்யா.

"ப்பா, ட்யூட்டி முடிஞ்சிடிச்சி, கெளம்பிட்டேன். மழைன்னு மாடிக்கி கீடிக்கிப் போயிடாதீங்க. அந்த டிஷ்ஷு எங்கயும் போவாது, யானை முட்டினாலும் நிக்கும்."

இப்போது சொல்லிவிட வேண்டும். "சத்யா, அன்னிக்கி உங்கம்மா..."

"இன்னாப்பா?"

"...துணி எடுக்கப் போவாமலே இருந்திருக்கலாம்மா."

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வந்துர்றேம்ப்பா" என்று வைத்துவிட்டாள். சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மாடியிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை கத்தவில்லை, களைத்திருந்தது.

"கை மரத்துப் போச்சிங்க. செத்த வந்து புடிக்கிறீங்களா?"

அவர் எழுந்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனார். அன்றைக்கே ஏறியிருக்க வேண்டிய படிகள், ஒவ்வொன்றாக. முட்டி வலிக்கவேயில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாடியில் யாருமில்லை.

மழை. தென்னை. துணி உலர்த்துகிற கொடிக்கயிறு, வெறுமையாக. கைப்பிடிச் சுவரோரம் புது டிஷ் இன்னமும் வடக்கே பார்த்து நின்றது. அதன் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஈரமில்லை. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு காய்ந்த இடங்கள்.

அவர் அங்கேயே கையை வைத்தார். தகடு வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ விட்டுப் போன மாதிரி.

"விட்டுடு அமுதா" என்றார். அழுகை வந்துவிட்டது. "போதும். நான் புடிச்சிக்கிறேன். நீ எறங்கு."

படிக்கட்டில் கொலுசு இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. கூடம். நாற்காலி முனகியது.

"வந்துடுச்சி!" கீழேயிருந்து அமுதவல்லி கத்தினாள். "அப்படியே புடிங்க, அசையாதீங்க!"

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரல் ஒன்றுகூட அசையவில்லை. காலடியில், டிஷ்ஷைத் தாங்குகிற நாலு புத்தம் புது போல்ட்டில் ஒன்று தானாக இளகி ஒரு சுற்றுச் சுற்றியது.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கேட் திறந்தது.

"ப்பா! எங்க இருக்கீங்க?"

சத்யா, மேலே வந்துடாதம்மா. நான் சொன்னது பொய்ம்மா. எல்லாம் பொய். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மழைத் தண்ணீர்தான் உள்ளே போனது.

இரண்டாவது போல்ட். மூன்றாவது.

"ப்பா?"

கூடத்து நாற்காலியிலிருந்து, டிவியை விட்டுக் கண்ணெடுக்காத குரலில், அமுதவல்லி பதில் சொன்னாள்.

"துணி எடுக்கப் போயிருக்காரும்மா."

அவர் தலைக்கு மேலே கொடிக்கயிறு வெறுமையாக ஆடியது. நாலாவது போல்ட் சுற்றத் தொடங்கியது.