அவள் வரைந்த சந்து

தம்பி அனுப்பிய போட்டோவில் பச்சை விளக்குக் கம்பம் ஒன்று நின்றது. பழைய நகரத்தில் அப்படியொரு கம்பமே கிடையாது. அது எங்கே இருக்கிறதென்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் அவள் கையாலேயே வரைந்த கம்பம் அது.

கோட்டைச் சுவர், மணிக்கூண்டு, மூடிய கிணறு என்று பழைய இடங்களுக்குள் ஆட்களை வரைபடத்தோடு அலையவிட்டுப் புதையல் தேட வைப்பதுதான் இருவருக்கும் தொழில். அக்கா படம் வரைவாள். தம்பி முதல்நாள் மாலையே போய்த் துப்புச் சீட்டுகளை ஒளித்துவைப்பான். இதே தொழில் நடத்தும் போட்டிக்காரர்கள் அவள் படங்களை அப்படியே காப்பியடித்து விற்றதில் வெறுத்துப்போய், இந்த முறை இல்லாத சந்து ஒன்றை நடுவே சொருகியிருந்தாள். திருடினால் கையும் களவுமாக மாட்டுவார்கள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை. வீட்டில் அவனுக்கு ஓட்டைவாய் என்றுதான் பெயர்.

சந்து வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று நான்கு ஆட்களையும் போட்டாள். முகம் மட்டும் இல்லை. முகம் வரைய அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

போன் அடித்தது.

"சூப்பர் சந்துக்கா இது! இங்க ஏன் ஒரு துப்புகூட வைக்கச் சொல்லல?"

"எங்கடா நிக்கிற?"

"கடிகாரக் கடைக்குப் பக்கத்துல. நாலு பேர் நிக்கிறாங்க. வழி கேட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறாங்க, திமிரு புடிச்சவங்க."

"யார்கிட்டயும் பேசாத. உடனே வெளிய வா."

"வந்த வழியக் காணோமேக்கா."

படத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்க, இருட்டத் தொடங்கிய தெருவில் தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவது போலக் கேட்க, போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடிகாரக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தாள். பக்கத்தில் வெறும் சுவர். தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மை வாசனை அடித்தது.

"டேய், நான் வெளியதான் நிக்கிறேன்."

"அக்கா, ஒருத்தர் திரும்புறாரு..." அவன் குரல் இறங்கியது. "ஐயோ, அக்கா, அவருக்கு..."

பேச்சு நின்றது.

"ம்ம்."

"என்னடா? பேசுடா!"

"ம்ம்! ம்ம்!"

படத்தைப் பிரித்துச் சுவரில் வைத்து அழுத்தினாள். சந்தில் ஐந்து பேர். ஐந்தாவது ஆளின் காதில் போன். மை இன்னும் காயவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். வாயில்லை. மூக்கில்லை.

அவனால் மூச்சுவிட முடியவில்லை.

முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். வாய் மட்டும். சின்னக் கோடு. ஒரே ஒரு சின்னக் கோடு போதும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனையைத் தாளில் வைத்தாள்.

சுவரின் உள்ளிருந்து, சரியாகத் தாளுக்குப் பின்னால், யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

பேனா வழுக்கியது. கோடு கன்னத்தைத் தாண்டிக் காதுவரை போனது.

போனிலும் சுவருக்குள்ளும் ஒரே நேரத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஓட்டைவாய் கத்த ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.